போன்ல 'தண்ணி வேணும்' இருக்கு... 'வேணாம்' இருக்கா?

பேச்சு வராத குழந்தைக்கு ஆப் போட்டுக் கொடுத்தா மட்டும் பத்தாது; வீடும் அதுல பேசணும்!

வீட்ல யாருக்கு ரீசார்ஜ் முடிஞ்சாலும் முதல்ல கூப்பிடுறது உங்களைத்தான். அப்பாவுக்கு ஜிபே, அம்மாவுக்கு யூடியூப், பாட்டிக்கு எழுத்தைப் பெருசாக்கிக் கொடுக்கிறது எல்லாம் உங்க டிபார்ட்மென்ட். அதனாலதான் இந்தக் கட்டுரையும் உங்களுக்கு. பேச்சு வராத ஒரு குழந்தை உங்க வீட்லயோ, சித்தி வீட்லயோ, எதிர்வீட்லயோ இருந்தா, அந்தக் குழந்தைக்காகப் பேசுற ஆப்பை இன்ஸ்டால் பண்ணப்போற ஆளும் அநேகமா நீங்கதான்.

இன்ஸ்டால் பண்றது பத்து நிமிஷ வேலை. சிக்கலே அதுக்கப்புறம்தான். ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா ஆப் அப்படியே இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. "இவனுக்கு இதெல்லாம் ஒத்துவரல"ன்னு வீட்ல முடிவு கட்டியிருப்பாங்க. பெரும்பாலும் குறை ஆப்புலயும் இருக்காது, குழந்தைகிட்டயும் இருக்காது. வீட்ல வேற யாரும் அதுல பேசியிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

வாய்ப்பேச்சுக்குத் துணையாவோ பதிலாவோ வேற வழியில சொல்ல வந்ததைச் சொல்றதுக்கு 'ஏ.ஏ.சி'ன்னு பேரு. கைச்சைகை, படம் ஒட்டின அட்டை, எழுத்துப் பலகை, தொட்டா குரல் வர்ற டேப்லெட் எல்லாமே இதுல சேர்த்தி. ஸ்டீபன் ஹாக்கிங் 1985-ல தொண்டையில ஆபரேஷன் ஆகிக் குரல் போன பிறகு, 2018-ல இறக்குற வரைக்கும் உலகத்தோட பேசினது இந்த மாதிரி ஒரு கருவியாலதான். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம்னு காரணம் எதுவா வேணா இருக்கலாம். மனசுல இருக்கு, வாயில வரலைங்கிற நிலைமைக்கு இது ஒரு வழி.

நம்ம மாநிலத்துக்கு இதுல ஒரு சொந்தக் கதையும் உண்டு. சென்னை கோட்டூர்புரத்துல இருக்கிற 'வித்யா சாகர்' 1985-ல இருந்து மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக இயங்குற அமைப்பு. ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன், அந்தக் குழந்தைகளோட தேவையைப் பக்கத்துல இருந்து பார்த்து உருவாக்கினதுதான் 'ஆவாஸ்'. முதல்ல அது தனிக் கருவியா வந்துச்சு. பிறகு டேப்லெட், போன் ஆப்பா மாறுச்சு. 2010-ல குடியரசுத் தலைவர் கையால தேசிய விருது. 2011-ல எம்.ஐ.டி-யோட டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளியிடுற இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியல்ல அஜித்துக்கு இடம். ஆவாஸ்ல தமிழ் உண்டு, ஆனா கட்டணமும் உண்டு. ஐஐடி பாம்பேல உருவான 'ஜெல்லோ' இலவசம். எதை எடுத்தாலும் உங்க போன்ல தமிழ்க் குரல் ஒழுங்கா வேலை செய்யுதான்னு முதல்ல பார்த்துடுங்க. அதுக்கும் முன்னாடி, குழந்தைக்குக் காது கேட்கும் சோதனை பண்ணியாச்சான்னு கேளுங்க. பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதல் படி அதுதான்.

"போன் பேசிட்டா இவன் வாயே திறக்க மாட்டானே..."

எல்லா வீட்லயும் இந்தப் பேச்சு வரும். பாட்டி கேட்பாங்க, பக்கத்து வீட்டு அத்தை கேட்பாங்க, சில சமயம் படிச்ச மாமாவும் கேட்பார். பயப்படுறதுல தப்பில்லை. ஆனா ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு எதிர்ப்பக்கம்தான் நிக்குது. 2006-ல மில்லர், லைட், ஷ்லாஸர்னு 3 ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தாங்க. நம்பத்தகுந்த ஆதாரம் இருந்த 27 பேர்ல ஒருத்தருக்குக்கூட இருந்த பேச்சு குறையலை. 89 சதவிகிதம் பேருக்குப் பேச்சு கூடியிருந்துச்சு. மீதிப் பேருக்கு மாற்றம் இல்லை. கூடினது எல்லாருக்கும் மளமளன்னு கூடலை, அதையும் சொல்லிடணும். ஆப் போட்டா பேச்சு வந்துடும்னு யாராவது உத்தரவாதம் கொடுத்தா நம்பாதீங்க. ஆப் போட்டா பேச்சு போயிடும்னு சொன்னாலும் நம்பாதீங்க.

இப்ப ஒரு கணக்கு. ஜேன் கோர்ஸ்டன்ங்கிற அமெரிக்கப் பேச்சுப் பயிற்சி நிபுணர் சொன்னது இது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் குழந்தை காதுல பேச்சு விழுதுன்னு வெச்சுக்கிட்டா, ஒன்றரை வயசுக்குள்ள 4,380 மணி நேரம் ஆயிடும். அவ்வளவு கேட்ட பிறகுதான் அது நாலு வார்த்தை பேசுது. ஆப்ல பேசப்போற குழந்தைக்கு, வாரம் ரெண்டு தடவை, அரை அரை மணி நேரம் தெரபியில மட்டும் யாரோ அந்தப் படங்களைத் தொட்டுக் காட்டினா? வருஷத்துக்கு 52 மணி நேரம். 4,380-ஐ எட்ட 84 வருஷம் ஆகும்!

தெரபிஸ்ட் சரியில்லைன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. மீதி நேரம் பூரா குழந்தை வீட்லதானே இருக்கு? அங்கே யாரும் அந்த மொழியைப் பேசலைன்னா குழந்தை எங்க போய்க் கத்துக்கும்?

நீங்க முதல்ல தொடுங்க

வீடு செய்ய வேண்டியதுல முக்கால்வாசி இந்த ஒரு விஷயம்தான். நீங்க வாயால பேசும்போதே, அதுல ஒரு வார்த்தையை ஆப்லயும் தொடுங்க. "கஞ்சி இன்னும் வேணுமா?"ன்னு கேட்கும்போது 'இன்னும்' படத்தைத் தொடுங்க. "சரி, போதும்"னு தட்டை எடுக்கும்போது 'போதும்' தொடுங்க. முழு வாக்கியத்தையும் ஆப்ல கட்ட வேண்டாம். குழந்தை பார்க்கலைன்னாலும் பரவாயில்லை, திருப்பித் தொடணும்னும் எதிர்பார்க்க வேண்டாம். கைக்குழந்தைகிட்ட "எய்யா, ராசா, பால் குடிச்சியா"ன்னு நாள் பூரா பேசுறோமே, பதில் வந்தாத்தான் பேசுவேன்னு யாராவது அடம் பிடிக்கிறோமா?

பரீட்சை வைக்காதீங்க. "இது என்ன, தொடு பார்ப்போம்... அது இல்ல, தப்பு"ன்னு ஆரம்பிச்சா அந்த போனைப் பார்த்தாலே குழந்தை ஓடும். கையைப் பிடிச்சுப் பலவந்தமா அமுக்க வைக்கிறதும் வேண்டாம். அது உங்க பேச்சு, குழந்தையோடது இல்லை. ஒண்ணு கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரை எண்ணுங்க. பத்து எண்றது லேசு இல்லை, நாலுலயே நமக்கு வாய் அரிக்கும். விரலைக் குறிவெச்சுக் கொண்டுபோகவே சில குழந்தைகளுக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

ஒரே பட்டனை இருபது தடவை அமுக்கும். அடுத்த வீடு வரைக்கும் "மழை, மழை, மழை"ன்னு கேட்கும். அதைப் பிடுங்காதீங்க. மத்த குழந்தைகள் "பா பா பா"ன்னு மழலை பேசிப் பார்க்கிற மாதிரிதான் இதுவும். சித்திரை வெயில்ல கரிசல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கிறப்போ 'மழை'ன்னு அமுக்கினா, "மழையா? வா, வானத்தைப் பார்ப்போம்... ஒரு மேகத்தையும் காணோமே"ன்னு வாசலுக்குக் கூட்டிட்டுப் போங்க. தான் சொன்ன ஒண்ணுக்கு ஒரு ஆள் எழுந்து வந்தாங்கங்கிறது குழந்தைக்குப் பெரிய விஷயம்.

நாள் பூரா ஆப்பும் கையுமா இருக்க முடியாது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு ஓடணும் (தொழிற்சாலையைக் கோவில்பட்டிப் பக்கம் ஆபீஸ்னுதான் சொல்வாங்க), அப்பாவுக்குக் காட்டு வேலை இருக்கும். அதனால தினமும் எப்படியும் நடக்கிற ஒரே ஒரு வேலையைப் பிடிங்க. குளிப்பாட்டுறது, சாப்பாடு, சாயங்காலம் கடைக்குப் போறது, ஏதோ ஒண்ணு. அதுக்கு நாலஞ்சு வார்த்தை போதும். குளியல்னா 'ஊத்து', 'இன்னும்', 'சூடு', 'போதும்', 'முடிஞ்சிருச்சு'. ரெண்டு வாரம் அதுல மட்டும் தொட்டுத் தொட்டுப் பேசுங்க. அது கைக்கு வந்த பிறகு அடுத்த வேலைக்குப் போகலாம்.

கடைக்குப் போறது எனக்குப் பிடிச்ச யோசனை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரியும். அந்த மிட்டாயைத் தானே கேட்டு வாங்குற சந்தோஷம் குழந்தைக்கும் கிடைக்கட்டுமே. கடைக்காரர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க: "அண்ணாச்சி, இவன் போன்ல கேட்பான். கொஞ்சம் நேரமாகும், நீங்களே எடுத்து நீட்டிடாதீங்க." நம்ம ஆட்கள் பாசத்துல, வாய் பேசாத பிள்ளைன்னா கேட்கும் முன்னாடியே கொடுத்துடுவாங்க. கேட்கத் தேவையே இல்லாத இடத்துல எந்தக் குழந்தையும் கேட்கக் கத்துக்காது.

இன்னொண்ணு, குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்க. குழாய்ல எப்ப தண்ணி வரும்னு குடத்தோட தெருவே காத்துக்கிட்டு இருக்கிற ஊர்ல, "தண்ணி வந்துருச்சு!"ன்னு ஒரு பட்டன் வைங்க. சவுண்டை முழுசா ஏத்தி வாசல்ல நின்னு அமுக்கட்டும். கேட்டுக்கிட்டே இருந்த பிள்ளை, தெருவுக்கே சேதி சொல்ற ஆளா மாறிடும்.

காடுன்னா சிங்கம் இல்லை!

இந்த ஆப்கள்ல வர்ற படங்களைக் கொஞ்சம் பாருங்க. சாப்பாடுன்னா ரொட்டி, பீட்சா. காடுன்னா அடர்ந்த மரமும் சிங்கமும். கரிசல்ல காடுன்னா பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளையிற நிலம். "அப்பா காட்டுக்குப் போயிருக்காரு"ன்னு சொல்ற வீட்ல சிங்கப் படத்தைக் காட்டினா குழந்தை என்ன நினைக்கும்? நீங்களே உங்க காட்டைப் போட்டோ எடுத்து அந்த இடத்துல மாத்துங்க. கம்மங்கஞ்சி, சேவு, ஆட்டுக்குட்டி, பஸ் ஸ்டாப், அத்தை முகம்னு எல்லாத்தையும் சொந்தப் போட்டோவா வைக்கலாம். இடைசெவல்ல பிறந்த கி.ராஜநாராயணன் இந்த மண்ணோட பேச்சு வார்த்தைகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1982-ல அகராதியே போட்டார். உங்க தம்பிக்கு நீங்க தயார் பண்றதும் ஒரு குட்டி வட்டார அகராதிதான்.

குரல் விஷயமும் இருக்கு. தமிழ்க் குரல் பெரும்பாலும் 'வேண்டும்', 'போதுமானது'ன்னு மேடைத் தமிழ் பேசும். வீட்ல ஒருத்தரும் அப்படிப் பேசுறது இல்லை. பட்டன்ல 'வேணும்', 'வேணாம்', 'வலிக்குது'ன்னு பேச்சுல வர்ற மாதிரியே டைப் பண்ணுங்க. கூடுமானவரை அப்படியே வாசிக்கும். இல்லைன்னா ரெக்கார்டு பண்ணுங்க. ஆனா எட்டு வயசுப் பொண்ணுக்கு உங்க பிளஸ் டூ கட்டைக்குரல் வேண்டாம். அதே வயசுல இருக்கிற பெரியப்பா பொண்ணைக் கூப்பிட்டுப் பேச வைங்க.

தமிழ்ல இன்னொரு தர்மசங்கடம் உண்டு. 'வா', 'போ', 'தா'ன்னு ஆப் பேசும். தாத்தாவைப் பார்த்து போன் "போ"ன்னு சொன்னதும் வீட்ல ஒரு நிமிஷம் அமைதி விழும். 'வாங்க', 'போங்க' பட்டனும் வைக்கலாம், ஆனா ஆரம்பத்துலயே ரெண்டையும் வெச்சுக் குழப்புறதை விட, பெரியவங்க கொஞ்சம் பொறுத்துக்கிறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. ரெண்டு வயசுப் பேரன் மழலையில "தாத்தா, போ"ன்னா சிரிக்கிறோம்ல?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ்னு இருக்கிற குடும்பங்கள் ஏராளம். "ரெண்டு மொழி வேண்டாம், குழம்பிடுவான்"னு பயந்து, அவ்வா பேசுற மொழியையே குழந்தைகிட்ட நிறுத்திடுறாங்க. தேவையே இல்லை. ஆப்ல தெலுங்கு வார்த்தைகளையும் ரெக்கார்டு பண்ணி வைக்கலாம். நாள் பூரா கூட இருக்கிறது அவ்வான்னா, அவ்வா மொழி அதுல கட்டாயம் இருக்கணும்.

போன் அம்மாவோட போயிடுச்சுன்னா?

நடைமுறையில இதுதான் பெரிய இடி. வீட்ல நல்ல போன் ஒண்ணுதான். காலையில எட்டு மணிக்கு அம்மா அதை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனா, குழந்தையோட பேச்சும் சாயங்காலம் வரைக்கும் அவங்களோட போயிடும். பழைய போன் யார்கிட்டயாவது இருந்தா வாங்குங்க. சிம் தேவையில்லை. ஆப்பும் தமிழ்க் குரலும் நெட் இல்லாம ஓடுதான்னு மட்டும் சோதிச்சுப் பாருங்க. அதுல யூடியூப் இருக்கவே கூடாது. ஒரே போன்னா, ஆண்ட்ராய்டுல ஸ்கிரீன் பின்னிங், ஐபேட்ல கைடட் ஆக்சஸ்னு ஒரு வசதி இருக்கு. அந்த ஆப்பை விட்டு வெளியே போக முடியாதபடி பூட்டிடலாம்.

எதுவுமே இல்லைன்னாலும் காகிதம் இருக்கு. ஆப்போட முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜெராக்ஸ் கடையில கலர் பிரின்ட் போட்டு லேமினேஷன் பண்ணுங்க. ஒண்ணு அடுப்படியில, ஒண்ணு ஸ்கூல் பையில, ஒண்ணு பாட்டி முந்தியில. கரண்ட் போனாலும் வேலை செய்யும், குளிக்கிற இடத்துலயும் நனையாது. போனைத் தொடவே தயங்குற பாட்டிகள் அட்டையைச் சட்டுனு பிடிச்சுக்குவாங்க.

படங்களோட இடத்தை மட்டும் அடிக்கடி மாத்தாதீங்க. உங்க கீபோர்டுல யாராவது ராத்திரியோட ராத்திரியா எழுத்துகளை இடம் மாத்தி வெச்சா எப்படி இருக்கும்? நீங்க எழுத்தைப் பார்த்தா டைப் பண்றீங்க? விரலுக்கு இடம் தெரியும். அதே கதைதான். அதே காரணத்துக்காகத்தான், அட்டையிலயும் ஆப்லயும் படங்கள் ஒரே வரிசையில இருக்கணும்.

அப்புறம், சேட்டை பண்ணினா தண்டனையா அந்த போனைப் பிடுங்கி மேலே வைக்கிறது. யாருக்கும் கோபத்துல கை போகும்தான். ஆனா மத்த பிள்ளைகள் சேட்டை பண்ணினா நாம வாயில துணியைக் கட்டுறோமா?

'வேணாம்' எங்கே?

இப்ப தலைப்புக்கு வருவோம். நம்ம வீடுகள்ல செட் பண்ற ஆப்ல முதல் பக்கம் முழுக்க சாப்பாடா இருக்கும்: தண்ணி, சாதம், பிஸ்கட், அப்பளம். பெரியவங்களுக்கு எது தெரிஞ்சாகணுமோ அதுதான் அதுல இருக்கும். 'வேணாம்', 'நிறுத்து', 'பிடிக்கலை', 'வலிக்குது', 'பயமா இருக்கு', 'வீட்டுக்குப் போலாம்' இதெல்லாம் இருக்காது. கோயில் கொடையில மேளமும் ரேடியோ செட்டும் காதைப் பிளக்கிறப்போ, 'சத்தம்... போலாம்'னு சொல்ல ரெண்டு பட்டன் இல்லாத குழந்தை கத்தும், கடிக்கும், தலையை இடிக்கும். ஊர் அதுக்கு 'அடம்'னு பேர் வைக்கும்.

'வேணாம்'னு சொன்னா கேட்கணும், அதான் கஷ்டம். மருந்து மாதிரி சிலதை வேணாம்னாலும் கொடுத்துத்தான் ஆகணும். அப்பவும் "வேணாம்னு சொல்றே, தெரியுது, கசக்கும்தான்"னு சொல்லிட்டுக் கொடுங்க. அத்தை மடியில உட்கார வேணாம்னு சொன்னா, அத்தை கோவிச்சுக்கிட்டாலும் விட்டுடுங்க.

ஏன்னா இதுல குழந்தையோட பாதுகாப்பு இருக்கு. உடம்பு உறுப்புகளோட பேரு (எல்லா உறுப்பும்தான், கூச்சப்படாதீங்க), 'அடிச்சாங்க', 'தொட்டாங்க', 'யார்', 'எங்கே', வீட்டு ஆளுங்க, வேன் டிரைவர், டீச்சர், பக்கத்து வீட்டுக்காரங்கன்னு எல்லாரோட போட்டோவும் அதுல இருக்கணும். சொல்ல முடியாத குழந்தைன்னு தெரிஞ்சே கை வைக்கிறவங்க இருக்காங்க. 2012-ல வந்த போக்சோ சட்டத்தோட 38-வது பிரிவு, குறைபாடுள்ள குழந்தை சாட்சி சொல்றப்போ, அந்தக் குழந்தை பேசுற முறை தெரிஞ்ச ஒருத்தரையோ சிறப்பு ஆசிரியரையோ நீதிமன்றம் துணைக்கு வெச்சுக்கலாம்னு சொல்லுது. குழந்தைகள் உதவி எண் 1098. ஆனா ஆப்ல அந்த வார்த்தைகளே இல்லைன்னா எந்தச் சட்டம் வந்தும் குழந்தை எதை வெச்சுச் சொல்லும்?

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 'தகவல்தொடர்பு'ங்கிற சொல்லுக்கான விளக்கத்துலயே இந்த மாற்று வழிகளும் வருது. ஸ்கூல்ல "போனெல்லாம் கொண்டு வரக்கூடாது"ன்னு சொன்னா, இதைத் தன்மையா எடுத்துச் சொல்லுங்க. கூடவே லேமினேஷன் அட்டையை டீச்சர் கையில கொடுங்க.

யாரைப் போய்ப் பார்க்கிறது? ஒவ்வொரு ஒன்றியத்துலயும் பள்ளிக் கல்வித்துறையோட வட்டார வள மையம் இருக்கு, சிறப்பு ஆசிரியர்கள் அங்கே கிடைப்பாங்க. மாவட்ட அரசு மருத்துவமனையில ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்க. தென்காசிக்குப் பக்கத்துல ஆய்க்குடியில 1981-ல எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கின 'அமர் சேவா சங்கம்', கிராமத்து வீடுகளுக்கே ஆள் அனுப்பிப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கிற அமைப்பு. ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். 2020-ல பத்மஸ்ரீ வாங்கினவர். சென்னை பக்கம் போக முடிஞ்சா, முட்டுக்காட்டுல பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கு.

போறப்போ போனுக்கு முழுசா சார்ஜ் ஏத்தி எடுத்துட்டுப் போங்க. "தம்பி, எங்கே வலிக்குது?"ன்னு டாக்டர் கேட்டா, அம்மா பதில் சொல்றதுக்கு முன்னாடி நீங்க போனைத் தம்பி பக்கம் நகர்த்தி வைங்க. அப்புறம் பத்து வரை எண்ணுங்க. டாக்டரையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்க.